மணல் பாட்டைக்கு ரெண்டு துணி

கௌதமன் நீட்டிய தாளில் மூன்று கட்டம் போட்டிருந்தது. ஒன்றில் ரேடியோ, ஒன்றில் செல்போன், ஒன்றில் கையால் சுற்றி ஊதுகிற சைரன். வீட்டுக்கு ஒன்றுதான். வேண்டியதில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். சுனாமி வந்துபோய் எட்டு மாதம் ஆகியிருந்தது. தொண்டு நிறுவனத்துக்காரர்கள் பாய், பாத்திரம், கொசுவலை எல்லாம் கொடுத்து முடித்துவிட்டு, ஆபத்து நேரத்தில் ஒரு குடும்பம் எப்படித் தகவல் சொல்லிக்கொள்வது என்கிற இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

"செல்போன்தாம்மா," என்றாள் சந்தியா. மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கம் எஸ்.டி.டி. பூத்தில் உட்காருகிற பெண். காலையிலிருந்து பொழுது சாயும்வரை அடுத்தவர் பேச்சுக்கு மீட்டர் பார்க்கிற வேலை. "ரேடியோ பேசும், நாம பேசினா அதுக்குக் கேக்குமா? செல்லுன்னா நான் பூத்துலேருந்து ஒரு போன் அடிச்சா போதும்."

"ரேடியோ," என்றான் அவள் அப்பா சகாதேவன். "நியூஸ் சொல்லுவான். பாட்டு போடுவான்."

"உயிர் பொழைக்கறதுக்குக் குடுக்கறாங்கப்பா. பாட்டு கேக்கறதுக்கா குடுக்கறாங்க?"

"பொழைச்ச பெறவு பாட்டு வேணாமா?"

அமராவதி முறத்தில் கேழ்வரகைப் புடைத்துக்கொண்டிருந்தாள். மகளும் புருஷனும் மாற்றி மாற்றிப் பேசி ஓய்கிறவரை புடைத்தாள். முறத்தைத் தட்டிக் கீழே வைத்துவிட்டு, கௌதமனைப் பார்த்துக் கேட்டாள்.

"தம்பி, ஒன்னே ஒன்னு சொல்லு. என்ஜின் ஓடச்சொல்ல இவருக்கு இதுல எது கேக்கும்?"

"என்ன என்ஜின்க்கா?"

கேட்டானே ஒரு கேள்வி! அந்தக் குடும்பத்துக்கு என்ஜின்தான் சோறு. தெய்வசிகாமணி முதலாளி உப்பளத்தில் இருபத்திரண்டு வருஷமாக சகாதேவன்தான் டீசல் என்ஜின் ஓட்டுகிறான். உப்புத் தண்ணீரைப் பாத்திக்கு ஏற்றுவது, மழை வந்தால் மழைத்தண்ணீரை இறைத்து வெளியே தள்ளுவது. அது ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. வலது காது செத்து வருஷம் பல ஆகிறது. இடது காது அரைக் காது. என்ஜினை நிறுத்தி அரை மணி ஆனால்தான் பெண்டாட்டி திட்டுவது காதில் ஏறும். அதனாலேயே குடும்பம் நிம்மதியாக ஓடுகிறது என்று உப்பளத்தில் கூட வேலை பார்க்கிற தங்கராசு கேலி பண்ணுவான்.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையோடு அமராவதிக்குக் கேலி தீர்ந்துபோயிருந்தது. அன்றைக்கு அவள் தூக்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு வரப்பில் போய்க்கொண்டிருந்தாள். சவுக்குத் தோப்புக்கு நடுவே கறுப்பாக ஒன்று புகுந்து வந்தது. தண்ணீர் என்று புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். சகாதேவன் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குனிந்து என்ஜின் பெல்ட்டுக்கு மெழுகு தடவிக்கொண்டிருந்தான். பார்க்கிற தூரம், கேட்காத தூரம். என்ஜின் தண்ணீர் குடித்துத் திக்கி நின்ற பிறகுதான் நிமிர்ந்தான். அப்போது இடுப்பளவு. இரும்புச் சட்டத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டதால் பிழைத்தான். அதற்குப் பிறகு அவன் கிழக்கே மணல்மேட்டுப் பக்கம் கால் வைத்ததில்லை. உப்பு ஏற்ற லாரி அங்கே வந்து நின்றால்தான் போவான். அப்போதும் மேட்டின் மேலே ஏறிக் கடலைப் பார்க்க மாட்டான். அமராவதிக்கோ, தான் கத்தியது கேட்காமல் அவன் குனிந்திருந்த முதுகு இன்னமும் கண்ணிலேயே நிற்கிறது.

"இதுல நாலாவது கட்டம் இல்லையேக்கா," என்றான் கௌதமன். நல்ல பையன். வேறு யாராவது என்றால் ஏதோ ஒன்றில் டிக் போடச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

அமராவதி விடவில்லை. சகாதேவனை உப்பளத்துக்கு அனுப்பி என்ஜினை ஓட்டச் சொன்னாள். கௌதமனைக் கூட்டிக்கொண்டு ஓடைக்கரைக்குப் போய், அவன் கொண்டுவந்திருந்த மாதிரி சைரனைச் சுற்றச் சொன்னாள். கௌதமன் கை ஓயச் சுற்றினான். ரெண்டு கொக்கு எழுந்து பறந்தது. ரோட்டில் போன பால்காரன் சைக்கிளை நிறுத்திவிட்டு என்ன என்று கேட்டான். சகாதேவன் திரும்பவே இல்லை.

"செல்லு?" என்றாள் சந்தியா, விட மனசில்லாமல்.

"செல்லு அவரு பாக்கெட்டுல கத்தும். அவருக்குக் கேக்கணுமே. அதுவுமில்லாம உப்பு வேர்வையில அது எத்தினி நாளைக்கு வரும்? டார்ச் லைட்டப் பாத்த இல்ல?"

பார்த்ததுதான். அந்த ஊரில் எதற்கு பேட்டரி போட்டாலும் ஆறு மாதத்தில் கம்பி பச்சை பூத்துப்போகும். உப்புக் காற்று டார்ச்சைத் தின்னும், சைக்கிளைத் தின்னும், சுவரில் அடித்த ஆணியைத் தின்னும். கடைசியில் கைப்பிடி சுற்றினால் பாடுகிற ரேடியோவுக்கு டிக் விழுந்தது. சகாதேவன் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டான். பேட்டரி வேண்டாம் என்பதுதான் காரணம் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

ஆனால் ரேடியோ அமராவதிக்குத்தான் சொல்லும். அவள் அவனுக்கு எப்படிச் சொல்வது? அதற்குக் கொடி ஏற்றுவது என்று அவளே கண்டுபிடித்தாள். கேபிள் வந்த பிறகு சும்மா நின்றிருந்த ஆண்டெனா பைப்பைக் கழற்றி, உச்சியில் வளையம் போட்டு, நைலான் கயிறு கோத்து வீட்டு முன்னால் நட்டாள். அவர்கள் வீடு ஈ.சி.ஆர். ரோட்டை ஒட்டி இருந்தது. வீட்டுக்குக் கிழக்கே கூப்பிடு தூரத்தில் ஓடை. மேற்கத்தி ஏரிகளில் மிஞ்சுகிற தண்ணீர் கடலுக்குப் போகிற வழி அது. கோடையில் ஆடு இறங்கி மேயும். கடக்க ரெண்டு பனைமரத்தைப் போட்டிருந்தார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் அரை மைலுக்கு உப்பளம், உப்பளம் முடிகிற இடத்தில் சவுக்கு நட்ட மணல்மேடு, அதற்கப்பால் கடல். நடுவில் மறைக்க ஒரு செடி கிடையாது. கொடி ஏறினால் தெரியும்.

என்ன நிறம் என்பதில் ஒரு சண்டை நடந்தது.

"வெள்ளைய கட்டேன், பழைய வேட்டி இருக்குது," என்றான் சகாதேவன்.

"உப்பு மேல வெள்ளைய எவன் கண்டான்?"

"அப்ப செவப்பு."

"செவப்பு லாரிக்கு. மறந்துட்டியா?"

ரோட்டோரத்தில் அவர்கள் வீட்டுக்கு அடுத்தாற்போல இருந்த உப்பள மேஸ்திரி கொட்டகை மூங்கிலில் ஒரு சிவப்புத் துணி ஏறினால் லாரி ரோட்டு மேடையில் வந்து நிற்கிறது என்று அர்த்தம். ஒன்றின் கீழ் ஒன்றாக ரெண்டு துணி ஏறினால் கிழக்கே மணல்மேட்டு அடியில் ஓடுகிற மணல் பாட்டையில் நிற்கிறது. முதலில் போய்ச் சேருகிற ஆட்களுக்குத்தான் லோடு ஏற்றுகிற கூலி. உப்புக் கூடை சுமக்கிற அமராவதி, என்ஜின் ஓட்டுகிற சகாதேவன், யாராக இருந்தாலும் சிவப்பைக் கண்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். அதை ஆபத்துக்கு வைத்தால் குழப்பம். நீலம் தார்ப்பாயோடு கலந்துபோகும். கடைசியில் ஆடியில் கூழ் ஊற்றக் கட்டின மஞ்சள் புடவையில் பாதி கொடியானது. மஞ்சள் ஏறினால் என்ஜினை நிறுத்திவிட்டு மேற்கே ஓடி வர வேண்டும். ஓடையைத் தாண்டி ரோட்டுக்கு. அவ்வளவுதான் சட்டம்.

"சரி, நீ எப்பத் திரும்பிப் பாப்ப?"

சகாதேவன் யோசித்தான். "பீடி பத்தவெக்கச்சொல்ல பாக்கறேன். கடக்காத்துக்கு முதுகு குடுத்தாத்தான் நெருப்பு நிக்கும். மூஞ்சி தன்னால மேக்கால திரும்பும்."

"ஒரு நாளைக்கு எத்தினி?"

"ஒரு கட்டு."

கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பீடிக்குத் திட்டிக்கொண்டிருந்தவள், முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டாள்.

சந்தியா எல்லாவற்றையும் காலண்டர் அட்டையில் எழுதி ஒட்டினாள். ரேடியோவில் சேதி வந்தால் கொடி. தனக்குத் தெரிந்தால் பக்கத்து வீட்டு அந்தோணிராஜ் அண்ணன் செல்லுக்குப் போன். அது கிடைக்கவில்லை என்றால் டவுன் பஸ் கண்டக்டரிடம் சொல்லிவிடுவது, எந்தச் சேதியையும் ரெண்டு தடவை சொல்லச் சொல்வது. ஞாயிறுதோறும் ஒத்திகை நடந்தது. ஒரு ஞாயிறு காற்றில் கயிறு நழுவிக் கொடி விழுந்துவிட்டது. பாதி வழி வந்த சகாதேவன் சும்மாதான் போல என்று திரும்பிப் போய்விட்டான். அன்றைக்கு அமராவதி ஆடின ஆட்டத்தை ரோட்டோரத்து வீடுகள் எல்லாம் கேட்டன.

"ஏறின கொடி ஏறினதுதான். விழுந்தா காத்துல விழுந்ததுன்னு நெனச்சிக்க. நீ பாட்டுக்கு ஓடியா. நிக்காத, புரிஞ்சிதா?"

"புரிஞ்சிதும்மே."

தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கும்போது மழை மூன்றாம் நாளாக விடாமல் பெய்தது. முதல் நாள் மாலையே கரண்ட் போய்விட்டது. அந்த வருஷத்து உப்பு முழுவதும் உப்பளத்தில் ஓர் ஓட்டு வீடு உயரத்துக்கு அம்பாரமாகக் குவித்து, கீற்று வேய்ந்து நின்றது. அடியில் தண்ணீர் கட்டினால் அம்பாரம் கரைந்து உட்கார்ந்துவிடும். முதலாளி ஆள் அனுப்பினார். சகாதேவன் என்ஜின் ஓட்டி இறைக்கவும், தங்கராசு மேலே ஏறிக் கீற்றை இறுக்கவும் காலையிலேயே கிளம்பினார்கள்.

"இன்னிக்கு வேணாமே," என்றாள் அமராவதி. பழைய சோறும் சுட்ட கருவாடும் தூக்கில் போட்டு மூடிக்கொண்டே சொன்னாள்.

"ரெண்டு மணி நேர வேலை. வந்துடறேன்."

அவன் சட்டைப் பையில் பீடிக்கட்டும் தீப்பெட்டியும் துருத்திக்கொண்டிருந்தன. "இந்த மழையில இது எதுக்கு? நனைஞ்சி நாசமாப் பூடும்," என்று எடுத்து, பாலிதீன் பையில் சுற்றி மாடத்தில் வைத்தாள். அக்கறையாகத்தான் வைத்தாள்.

பத்து மணிக்கு மழை கொஞ்சம் இளைத்தது. அமராவதி வாசலில் உட்கார்ந்து ரேடியோவைச் சுற்றினாள். வங்கக்கடலில் காற்றழுத்தம், கடல் கொந்தளிப்பாக இருக்கும், மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் தலை கிழக்கே திரும்பியது. சவுக்குத் தோப்பு கறுப்பாக நின்றது. அதற்கு முன்னால் என்ஜின் புகை சின்னதாக எழும்பிக்கொண்டிருந்தது. புகை தெரிகிறவரை ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். மேற்கே திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

டவுன் பஸ் வந்தது. அங்கே ஸ்டாப் கிடையாது. ஆனாலும் நின்று, விடாமல் ஹாரன் அடித்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார்.

"இங்க அமராவதி யாரும்மா?"

"நான்தாங்க!"

"பூத்துப் பொண்ணு சொல்லச் சொல்லிச்சி. ஒங்க அண்ணன் அப்பாதுரை பெருமுக்கல்லேருந்து போன் போட்டாராம். அந்தப் பக்கம் ஏரி உடைஞ்சிடுச்சாம். தண்ணி மொத்தமும் இந்த ஓடைக்குத்தான் வருதாம். யாருக்கோ செல் அடிச்சிப் பாத்துச்சாம், கெடைக்கலயாம். ரெண்டு தடவ சொல்லணுமாமே? ஏரி உடைஞ்சிடுச்சாம், தண்ணி ஓடைக்கு வருதாம்!"

பஸ் போய்விட்டது. தண்ணீர் என்ற சொல் காதில் விழுந்ததுமே அமராவதியின் கால் கொடிக்கம்பத்துக்கு ஓடிவிட்டது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை பழகிய கை! மூளை யோசிப்பதற்குள் மஞ்சள் துணி உச்சியில் போய் நின்று படபடவென்று அடித்தது.

புகை நிற்கவில்லை.

"திரும்புய்யா," என்றாள் வாய்க்குள். "திரும்பேன். ஒரு பீடி பத்தவெய்யேன்."

சொன்ன பிறகுதான் மாடத்துப் பாலிதீன் பை ஞாபகம் வந்தது. நெஞ்சில் ஓங்கி அறைந்துகொண்டாள். இந்தக் கையால்தானே எடுத்து வைத்தாள்!

சத்தம் கேட்டு அந்தோணிராஜ் வெளியே வந்தான். மீன்பிடிக்கிறவன், மூன்று நாளாகக் கடலுக்குப் போகாமல் வீட்டில் இருந்தான். செல் செத்துப்போய்ச் சட்டைப் பையில் கிடந்தது. சேதியைக் கேட்டதும், "நான் ஓடிப் போய்ச் சொல்லிட்டு வர்றேங்க்கா," என்று ஓடைப்பக்கம் ஓடினான்.

அதே நேரத்தில் அம்பாரத்தின் மேலிருந்து ஒரு புள்ளி சறுக்கிக்கொண்டு இறங்கியது. தங்கராசு. அவன் பார்த்துவிட்டான்! புள்ளி என்ஜின்கிட்டே போனது. புகை நின்றது. ரெண்டு புள்ளிகள் வரப்பில் ஏறி மேற்கே வர ஆரம்பித்தன. அமராவதிக்குக் கண்ணில் நீர் முட்டியது. மாரியாத்தா, கேட்டுடுச்சி, கண்ணுல கேட்டுடுச்சி என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

கும்பிட்ட கை இறங்குவதற்குள் அந்தோணிராஜ் திரும்பி ஓடிவந்தான். முட்டிவரை செம்மண் சேறு.

"அக்கா! தண்ணி பனமரத்தத் தொட்டுடுச்சி! மரம் ஆடுது. கொடிய எறக்கு! இந்தப் பக்கம் வர வெச்சா ஓடையிலதான் வுழுவாங்க!"

மஞ்சளுக்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. கடல் வருகிறது, மேற்கே ஓடி வா. தண்ணீர் மேற்கிலிருந்து வருகிறது. அவள் அவனைத் தண்ணீரின் வாய்க்கே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

கயிற்றைப் பிடுங்கிக் கொடியைக் கீழே இறக்கினாள். புள்ளிகள் நிற்கவில்லை. நிற்காது. விழுந்தாலும் நிக்காத, ஓடியா என்று ஊர் கேட்கச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தானே.

"ஓடையப் பாத்தா நின்னுடுவாங்கக்கா," என்றான் அந்தோணிராஜ், தைரியம் சொல்லுகிற மாதிரி.

"மாட்டாரு. பின்னாடி கடலு தொரத்துதுன்னு நெனச்சி ஓடியாற ஆளு ஓடையப் பாத்து நிப்பாரா? எறங்கிடுவாரு. நின்னாலும், வரப்பு முழுகினா திரும்பிப் போவ முடியுமா?"

போகிற இடம் ஒன்றுதான் இருந்தது. கிழக்கே மணல்மேடு. கடல் பக்கம். அவன் பத்து மாதமாக ஏறாத மேடு. அங்கே போ என்று சொல்ல அவளிடம் துணி இல்லை. இத்தனை மாதமும் வா, வா என்று கூப்பிடத்தான் பழகினாள். போ என்று சொல்ல ஒன்றும் வைத்திருக்கவில்லை.

அப்போதுதான் அது தோன்றியது. தோன்றியது என்றுகூடச் சொல்ல முடியாது. கூடை சுமந்த காலுக்குத் தெரிந்தது.

வீட்டுக்குள் ஓடினாள். தகரப் பெட்டியில் சந்தியாவின் தீபாவளிச் சுடிதார் மடிப்புக் கலையாமல் இருந்தது. துப்பட்டா நல்ல ரத்தச் சிவப்பு. பல்லால் கடித்து, நடுவில் பர்ரென்று கிழித்தாள். ஒன்றின் கீழ் ஒன்றாகக் கயிற்றில் முடிந்து ஏற்றினாள்.

"இப்ப எந்த லாரிக்கா வருது?" என்றான் அந்தோணிராஜ். கடல்காரனுக்கு உப்பளத்துத் துணியில் பாதிதான் தெரியும். அக்காவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பான்.

அவள் கண் வரப்பிலேயே இருந்தது. முன்னால் வந்த புள்ளி நின்றது. பின்னால் வந்ததும் நின்றது. ரெண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. என்ன பேசுகிறார்களோ. பேச நேரமா இது! அப்புறம் ஒரு புள்ளி திரும்பிக் கிழக்கே ஓடியது. மற்றது அங்கேயே நின்றது. எது நிற்கிறது என்று முகம் தெரியாத தூரத்திலும் அவளுக்குத் தெரிந்தது. மேட்டுப் பக்கம் போக மாட்டேன் என்று நிற்கிற முதுகு அது.

"போய்யா!" என்று கத்தினாள். கேட்காது என்று தெரிந்தேதான் கத்தினாள். "போயேன்யா!"

அவன் திரும்பினானா, இல்லையா என்று பார்ப்பதற்குள் மழை பெரிதாகி வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

அதற்குப் பிறகு ஓடை வந்தது. முதலில் சத்தம் வந்தது. ஒரு பனைமரம் நட்டுக்கொண்டு எழுந்து புரண்டு போனது, அதன் பின்னாலேயே மற்றதும் போனது. செந்தண்ணீர் கரையேறிப் பாத்திகளுக்குள் விழுந்து, வரப்பு வரப்பாக மூழ்கடித்துக்கொண்டு கிழக்கே போனது. வேலிக்கட்டை, வைக்கோல், யார் வீட்டுக் கோழிக்கூண்டோ ஒன்று, எல்லாம் மிதந்து போயிற்று. ரோட்டோரத்து வீடுகள் மேட்டில் இருந்ததால் தண்ணீர் படிக்கட்டோடு நின்றது.

சந்தியா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முழுக்க நனைந்து வந்து சேர்ந்தாள். பூத்தை மூடிவிட்டு ஓடிவந்திருக்கிறாள். "எம்மா, சேதி வந்துச்சா? கண்டக்டர் சொன்னாரா? அப்பா எங்க?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"தெரியலடி! நான் சொல்லிட்டேன். அவருக்குப் புரிஞ்சிதான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? அவரு திரும்பிச் சொல்றதுக்கு நாம ஒன்னும் வெக்கலையே!"

சந்தியா சுவரில் ஒட்டிய அட்டையைப் பார்த்தாள். ரேடியோ, பூத்து, செல், பஸ், கொடி. எல்லாம் அப்பாவை நோக்கிப் போகிற வழிகள். அப்பாவிடமிருந்து வருவதற்கு ஒரு வரி எழுதியிருக்கவில்லை. அவள் எழுதின அட்டைதான். தாயும் மகளும் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மழையிலேயே நின்றார்கள். அந்தோணிராஜ் குடை கொண்டுவந்து பிடித்தான், வேண்டாம் என்றார்கள். எவ்வளவு நேரம் நின்றோம் என்று அமராவதிக்குப் பிற்பாடும் சொல்லத் தெரியவில்லை.

மழை விட்டு விட்டுப் பெய்து, ஒரு தடவை நன்றாக விலகியது. உப்பளம் இருந்த இடத்தில் செந்நிற ஏரி ஒன்று கிடந்தது. என்ஜின் கொட்டகையின் கூரை மட்டும் தெரிந்தது. அம்பாரம் ஒரு பக்கம் சரிந்து உட்கார்ந்திருந்தது. அதற்கப்பால் சவுக்குத் தோப்பு, மழையில் நனைந்து இன்னும் கறுத்து நின்றது. அந்தக் கறுப்பில் சின்னதாக ஒரு வெள்ளை ஆடியது.

"துண்டும்மா! துண்டு ஆட்டறாங்க!"

"எத்தினி?"

"ஒன்னு."

"நல்லாப் பாருடி."

"ஒன்னுதாம்மா."

அமராவதி கம்பத்தை விட்டுவிட்டுச் சேற்றில் உட்கார்ந்தாள். முதலில் ஓடின புள்ளி தங்கராசு. ஒரு துண்டு அவனுடையது. நிற்கிற முதுகு கண்ணுக்குள் வந்து நின்றது.

"எம்மா," என்றாள் சந்தியா. "எம்மா, இன்னொன்னும்மா. கீழ ஒன்னு, தள்ளி. ரெண்டும்மா. ரெண்டு!"

உப்பின் மேல் ஒருத்தன் கண்ணுக்கும் தெரியாது என்று அவள் ஒதுக்கின வெள்ளை, சவுக்குக்கு முன்னால் பளிச்சென்று தெரிந்தது.

மறுநாள் மதியம் ரெண்டு பேரும் மணல் பாட்டை வழியாக வடக்கே போய், சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு வந்து, ஒரு மினி லாரியில் ஏறி வந்து இறங்கினார்கள். தங்கராசு தன் வீட்டுக்குப் போனான். சகாதேவன் செருப்பில்லாமல், உதடு வெடித்து, உட்கார்ந்து சுடு கஞ்சியை மூச்சு விடாமல் குடித்தான். என்ஜின் நின்று ஒரு நாள் ஆகியிருந்ததால் இடது காது நன்றாகவே கேட்டது.

"எப்பிடிய்யா புரிஞ்சிது ஒனக்கு?" என்றாள் அமராவதி.

"இன்னாத்த?"

"ரெண்டு துணி. மேட்டுப் பக்கம் போன்னு நான் சொன்னது."

அவன் கிண்ணத்தை இறக்கி அவளைப் பார்த்தான். "நீயா ஏத்தின அத்த?"

"பின்ன?"

"மேஸ்திரி ஏத்தினதுன்னு நெனச்சேன். தீபாவளிக்கு முன்னாடி அம்பாரத்த வித்துடறேன்னு மொதலாளி சொல்லிக்கினு இருந்தாரு இல்ல? மஞ்ச எறங்கிடுச்சி, செவப்பு ஏறிடுச்சி, கடலும் வரல ஒன்னும் வரல, லாரிதான் வந்துகீதுன்னு தங்கராசு ஓட்டமா ஓடினான். நான் நின்னு பாத்தேன். மேட்டுக்குப் போவ மனசு இல்ல. அவன் மட்டும் போனா லோடு அவனுக்கும் வேற ஆளுக்கும் பூடுமேன்னு பின்னாடியே ஓடினேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, கோபமாகவே கேட்டான். "மேட்டுல ஏறி லாரிய அரை மணி நேரம் தேடினோம். லாரி எங்கடி?"

அமராவதிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவள் அப்படியே அழுதாள். அவன் தோளில் ரெண்டு அறை அறைந்தாள். சந்தியா கிழிந்த துப்பட்டாவின் ரெண்டு பாதியையும் மடியில் வைத்துக்கொண்டு, அம்மா எதற்குச் சிரிக்கிறாள், எதற்கு அழுகிறாள் என்று தெரியாமல் பார்த்தாள்.

"மேல ஏறித்தானே ஆவணும், ஏறிட்டேன்," என்றான் சகாதேவன், யாரிடமோ சொல்லுகிற மாதிரி. "பத்து மாசம் கழிச்சிப் பாக்கறேன். கடலு பெருசாத்தான் இருந்திச்சி. ஆனா அது அது எடத்துல இருந்திச்சி."

பிறகு சட்டைப் பையைத் தடவினான். "பீடி எங்கமே?"

அவள் எழுந்து போய் மாடத்திலிருந்து பாலிதீன் பையை எடுத்துவந்து, பையோடு அவன் பாக்கெட்டில் திணித்தாள். "இனிமே மழையோ வெயிலோ, இது ஒன்கிட்டயே இருக்கட்டும். ஒரு குடையும் எடுத்துக்கினு போ. குடைக்குள்ள பத்தவெய்."

அவன் வாசலுக்குப் போனான். பழக்கத்தில் கடல்காற்றுக்கு முதுகைக் கொடுத்து, கையைக் குவித்துப் பற்றவைத்தான். முகம் மேற்கே திரும்பியது. அமராவதியும் வந்து பக்கத்தில் நின்று, அவன் பார்த்த பக்கமே பார்த்தாள்.